அப்பாவின் உயிலுக்குப் புரொபேட் பெற வேண்டும்: சென்னையில் தகுந்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: மயிலாப்பூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஆவணி மாதம் என் தந்தையார் காலமானார். தாயார் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார். மயிலாப்பூரில் மாடியுடன் கூடிய பழைய வீடு ஒன்று, இரண்டு வங்கிகளில் வைப்புத்தொகை, கொஞ்சம் பங்குகள், காஞ்சிபுரத்தை அடுத்த கிராமத்தில் சிறிதளவு நிலம் ஆகியவை அப்பாவின் பெயரில் உள்ளன. எல்லாமே அவருடைய சுயசம்பாத்தியம். 2014இல் உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்து, என்னையே நிறைவேற்றுநராக நியமித்திருக்கிறார். இந்த உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை, பெற விரும்புகிறேன். வீட்டின் தரைத்தளம் தாம்பரத்தில் இருக்கும் தங்கைக்கும், மாடி எனக்கும், வைப்புத்தொகையும் பங்குகளும் நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணனுக்கும், நிலம் மூவருக்கும் பொதுவாகவும் சேர வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. எங்கள் வீட்டில் நெடுங்காலம் சமையல் செய்த அம்மாள் ஒருவருக்கு, வைப்புத்தொகையிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் கொடுக்கும்படியும் எழுதியிருக்கிறார்.

உயிலில் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் அப்பாவுடன் பணியாற்றியவர். எண்பது வயதைக் கடந்து, இப்போது கும்பகோணத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

குடும்ப வழக்கறிஞர் என்று எங்களுக்கு எவரும் இல்லை. இணையத்தில் தேடினால் ‘சென்னையின் தலைசிறந்த பத்து வழக்கறிஞர்கள்’ என்ற வகைப் பட்டியல்கள்தாம் வருகின்றன. தெரிந்தவர் மூலமாகச் சந்தித்த ஒருவரோ உயிலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், வீட்டின் சந்தை மதிப்பைக் கேட்டுவிட்டு, புரொபேட் கிடைத்த பின் அதில் இரண்டு சதவீதம் கொடுத்தால் போதும், முன்பணமே வேண்டாம் என்றார். இப்படிக் கட்டணம் பேசுவது வழக்கம்தானா? இந்த வேலையை ஒழுங்காகச் செய்யக்கூடியவரை எப்படி அடையாளம் காண்பது? இப்போது புரொபேட்டே தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: அண்ணா நகர் வாசி

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் இரங்கல். என் தாயாரின் உயிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் புரொபேட் பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு சதவீதத்தைப் பற்றி. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. நீதிமன்றக் கட்டணத்தைக் கணக்கிட வீட்டின் மதிப்பு தேவை என்பதால் அவர் அதைக் கேட்டதில் தவறில்லை. ஆனால் உயிலைப் பார்ப்பதற்கு முன்பே தம் பங்கைக் கணக்கிட்டவரிடம் மறுபடியும் போக வேண்டாம் என்பதே என் கருத்து. இணையப் பட்டியல்களையும் ஒதுக்கிவிடுங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதற்கே அனுமதியில்லை. அவர்களுக்கு மதிப்பெண் அளித்து வரிசைப்படுத்தும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

நான் கையாண்ட வழி எளியது. புரொபேட் மனுக்கள் உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் (மேல்முறையீடாக அன்றி, முதன்முதலில் அங்கேயே தாக்கலாகும் வழக்குகளை விசாரிக்கும் பிரிவில்) ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) என்ற வகையில் எண்ணிடப்படுகின்றன; எவரேனும் எதிர்த்தால் அவை டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட்) என்ற உயில் வழக்காக மாறுகின்றன. உயர் நீதிமன்ற இணையதளத்தில் அன்றாடம் வெளியாகும் விசாரணைப் பட்டியலில் இந்த இரண்டு வகைகளையும் சில வாரங்கள் தொடர்ந்து பார்த்து வந்தால், சில வழக்கறிஞர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய முந்தைய வழக்குகளின் நிலையையும் இணையத்திலேயே பார்த்துவிட்டுப் பிறகு சந்திக்கச் சென்றேன். குற்றவியல் வழக்கில் பெரும்புகழ் பெற்ற ஒருவரைவிட, தம்புச் செட்டித் தெருவில் மாடிப்படிக்கு அடியில் அலுவலகம் வைத்திருந்தாலும் ஆண்டு முழுவதும் ஓ.பி. தாக்கல் செய்துகொண்டிருப்பவரே இந்த வேலைக்கு ஏற்றவர்.

சந்திக்கும்போது, மனு டி.ஓ.எஸ். ஆக மாறினால் அவரே நடத்துவாரா அல்லது வேறொருவரிடம் ஒப்படைப்பாரா என்பதைக் கேளுங்கள். வக்காலத்தில் யார் யார் கையெழுத்திடுகிறார்கள், விசாரணை நாளில் யார் நிற்பார்கள் என்பதையும் கேளுங்கள். கட்டணத்தைத் தாக்கல், சாட்சியம், ஆணையின் நகல் பெறுதல் எனக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நீதிமன்றக் கட்டணம், பத்திரிகை விளம்பரச் செலவு இரண்டும் அதில் தனியாகத் தெரிய வேண்டும்.

அவருடைய குமாஸ்தாவையும் கவனியுங்கள். இதை எவரும் சொல்வதில்லை என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறேன். என் தாயாரின் முதலெழுத்து உயிலில் தந்தை வழியிலும், இறப்புச் சான்றிதழில் கணவர் வழியிலும் இருந்தது. உயர் நீதிமன்றப் பதிவகம் அதைச் சுட்டிக்காட்டி, ஒரு துண்டுச் சீட்டைப் பின் செய்து மனுவைத் திருப்பி அனுப்பியது. இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை உடனே தயாரித்து, கெடு முடிவதற்குள் மறுபடியும் தாக்கல் செய்தவர் குமாஸ்தாதான். திரும்பி வந்த மனுக்கள் அலமாரியிலேயே உறங்கும் அலுவலகங்களும் உண்டு. மனு எண்ணிடப்படாமலேயே மாதங்கள் கழிந்த பிறகுதான் கட்சிக்காரருக்கு விஷயம் தெரியவரும்.


மறுமொழி: ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

வங்கியின் சட்டப் பிரிவில் பணியாற்றியவன் என்பதால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் அதிகார எல்லைக்குள்ளும் (சுருக்கமாக, அந்நகரங்களுக்குள்ளும்) பழைய வங்காள மாகாணப் பகுதியிலும் எழுதப்பட்ட இந்துக்களின் உயில்களுக்கும், அந்த எல்லைகளுக்குள் உள்ள வீடு, மனைகளைப் பற்றி வெளியில் எழுதப்பட்ட உயில்களுக்கும் புரொபேட் கட்டாயமாக இருந்தது. அது இல்லாமல் நிறைவேற்றுநரோ பயனாளியோ நீதிமன்றத்தில் உயிலின்படி உரிமை கோர முடியாமல் இருந்தது. மதுரையிலோ கோவையிலோ உயில் எழுதி, சொத்தும் அங்கேயே வைத்திருந்த இந்துவுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. இஸ்லாமியர்களுக்கு அது என்றுமே இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே மாநிலத்தில் ஊருக்கு ஒரு விதி என்ற இந்த ஏற்பாட்டைப் பலர் குறை கூறி வந்த நிலையில், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவை நீக்கிவிட்டது. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

ஆனால் கட்டாயம் நீங்கியதே தவிர, புரொபேட் பெறும் வழி அடைபடவில்லை. உங்கள் தந்தையார் திருத்தத்திற்கு முன்பே காலமாகிவிட்டார் என்பதால், அது உங்கள் உயிலுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை, நீங்கள் அமர்த்தப்போகும் வழக்கறிஞரிடம் எழுத்து மூலமான கருத்துரையாகவே பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்வது நாளை சொத்தை வாங்க வருபவரின் வங்கியிடம் செல்லாது.

வங்கியின் கண்ணோட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாளை உங்கள் தங்கை தரைத்தளத்தை விற்க முன்வந்தால், வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி தன் பேனல் வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்கும். அவர் வில்லங்கச் சான்றைப் பார்ப்பார். அதில் உங்கள் தந்தையார் வாங்கிய கிரயப் பத்திரம் இருக்கும், உயில் இருக்காது. ஏனெனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகின்றன, வில்லங்கச் சான்றோ முதல் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இதுதான் கடைசி உயில் என்பதற்கு என்ன உறுதி, மற்ற வாரிசுகள் பின்னால் தகராறு செய்யமாட்டார்களா என்றெல்லாம் அவர் கேட்பார். புரொபேட் ஆணை ஒன்று இருந்தால் அந்தக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும். உயில் மெய்யானது என்ற அளவில் அந்த ஆணை உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும். அது இல்லாவிட்டால், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வாருங்கள் என்பார். நியூ ஜெர்சியில் இருப்பவரை ஒவ்வொரு முறையும் அழைக்க முடியுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வாரிசுகள் அனைவரும் ஒரே ஊரில் ஒற்றுமையாக இருந்து, சொத்தும் சிறியதாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். உங்கள் நிலையில் பெற்றுவிடுவதுதான் நல்லது.

வைப்புத்தொகைக்கு நாமினி யார் என்பதையும் பாருங்கள். நாமினியிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். அதனால் பணம் அவருடையதாகிவிடாது. பங்குகளைப் பற்றியும் இதே நிலைப்பாட்டை 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் உறுதிப்படுத்தியது. நாமினியாகப் பெயர் இருப்பவர் தங்கையாக இருந்தாலும், உயிலின்படி அது அண்ணனுக்குச் சேர வேண்டிய தொகைதான்.


கேள்வி கேட்டவர்: மயிலாப்பூர் வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எழுகின்றன. அண்ணன் உயிலை எதிர்க்கவில்லை. ஆனால் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ‘இப்போது என்ன அவசரம், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார். அவர் ஒப்புதல் தராவிட்டால் மனு தடைபட்டுவிடுமா? இன்னொன்று, எங்கள் பகுதிப் பத்திர எழுத்தர் ஒருவர், உயிலை விட்டுவிடுங்கள், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி மூவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொண்டால் நீதிமன்றமே தேவையில்லை என்கிறார். இதை ஏற்கலாமா?


மறுமொழி: ஒரிஜினல் சைடில் வழக்காடும் வழக்கறிஞர்

இங்கே வழக்குப் பிடிப்பதற்காக எழுதவில்லை என்பதால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறிப்பிடவில்லை. தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம்.

பத்திர எழுத்தரின் யோசனையில் சமையல் செய்த அம்மாள் விடுபட்டுப்போகிறார். அவர் வாரிசு அல்லர், ஆனால் உயிலின்படி பயனாளி. வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் வராது, பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் வராது. உயில் எழுதியவர் இறந்த பிறகு, பதிவான உயிலின் சான்றிட்ட நகலை எவர் விண்ணப்பித்தும் பெறலாம்; எனவே உயிலே இல்லாதது போல் நடந்துகொள்வது சரியும் அன்று, பாதுகாப்பும் அன்று. அவருக்குரிய தொகையைக் கொடுத்து ரசீது பெற்ற பிறகு, நீங்கள் மூவரும் மனமொத்து வேறு ஏற்பாடு செய்துகொள்ள விரும்பினால் அதைத் தனியாக ஆலோசிக்கலாம். ஆனால் அண்ணன் ஒப்புதலைத் தெரிவிக்கும் ஓர் உறுதிமொழிப் பத்திரத்துக்கே தயங்கும்போது, பாகப்பிரிவினைக்கு மட்டும் எப்படி முன்வருவார் என்று எனக்கு விளங்கவில்லை.

அவருடைய ஒப்புதல் இருந்தால் வேலை எளிதாகும். இல்லாவிட்டாலும் மனு தடைபடாது. நீதிமன்றம் அவருக்கு அறிவிப்பு அனுப்பும், பத்திரிகையிலும் அறிவிப்பு வெளியாகும். அவர் கேவியட் (ஆட்சேப மனு) தாக்கல் செய்து எதிர்த்தால் மட்டுமே மனு வழக்காக மாறும். வாளாவிருந்தால், நீங்கள் உயிலை நிரூபித்து ஆணை பெறலாம். எதிர்ப்பில்லாத மனு மாதக் கணக்கில் முடியும், எதிர்ப்புள்ள வழக்கு ஆண்டுக் கணக்கில் நீளும் என்பதால், அண்ணனிடம் இன்னும் ஒருமுறை பொறுமையாகப் பேசிப் பார்ப்பதில் நட்டமில்லை. ஒன்றை மட்டும் அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞர் நிறைவேற்றுநராகிய உங்களுக்குத்தான் வழக்கறிஞர். அண்ணன் தம் உரிமையைப் பற்றி ஆலோசனை கேட்க விரும்பினால் வேறொருவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைகொள்ளச் செய்தது அண்ணன் அல்லர், கும்பகோணத்தில் இருக்கும் பெரியவர்தான். உயிலை இரண்டு சாட்சிகளாவது சான்றொப்பமிட்டிருக்க வேண்டும் என்பது வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. அவர்களில் ஒருவராவது உயிருடன் இருந்து சாட்சியம் சொல்லக்கூடிய நிலையில் இருந்தால், அவரை விசாரித்தே உயிலை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். பதிவு செய்த உயிலுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. பதிவாகிவிட்டது, இனிச் சாட்சி எதற்கு என்று எண்ணிக்கொண்டிருந்து, கடைசிச் சாட்சியையும் இழந்த பிறகு வருபவர்கள் உண்டு. அப்போது சாட்சிகளின் கையெழுத்தை அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்கும் சட்டத்தில் வழி உண்டு என்றாலும், தம் கண்முன்னே கையெழுத்திட்டார் என்று ஒருவர் சொல்வதற்கு அது ஈடாகாது.

ஆகவே, நீங்கள் சந்திக்கும் ஒவ்வொரு வழக்கறிஞரிடமும் உயிலின் நகலைக் கொடுத்து, சாட்சிகளின் நிலையைச் சொல்லிவிட்டு, முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். மனுவுடன் இணைக்கப்படும் சாட்சியின் உறுதிமொழிப் பத்திரத்தை உடனே பெற வேண்டும் என்று சொல்பவர் இந்த வேலையை அறிந்தவர். பெரியவரால் சென்னைக்கு வர முடியாவிட்டால், அவர் இருக்கும் இடத்திற்கே அட்வகேட் கமிஷனரை (நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞரை) அனுப்பிச் சாட்சியம் பதிவு செய்யும்படி நீதிமன்றத்தைக் கோரலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். வீட்டு மதிப்பிலிருந்து பேச்சைத் தொடங்குபவர், எவ்வளவு பெரிய பெயராயினும், உங்களுக்கு வேண்டாம்.

உயில் எழுதிய நாளிலும் பதிவு நாளிலும் அப்பாவுடன் சென்றவர் யார் என்று அவர் கேட்டால் வருந்தாதீர்கள். உயிலால் பயன்பெறும் ஒருவரே அதைத் தயாரிப்பதிலும் முன்னின்றிருந்தால், அதனால் எழும் ஐயங்களை அகற்றும் பொறுப்பு அவரையே சாரும் என்று 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றளவும் பின்பற்றப்படுகிறது. உங்களுக்கு மாடி கிடைக்கிறது, நிறைவேற்றுநரும் நீங்களே. நடந்ததை நடந்தபடி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அசல் உயிலை முதல் சந்திப்பிலேயே ஒப்படைக்க வேண்டாம். மனுத் தாக்கலின்போது அது நீதிமன்றத்திற்குப் போக வேண்டியது. வழக்கறிஞரிடம் கொடுக்கும் நாளில் பக்க எண்ணிக்கையைக் குறிப்பிட்டு ஒப்புகை பெறுங்கள். நகல் எடுப்பதற்காக ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றவோ, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதவோ கூடாது. இடையில் ஒரு தாளை மாற்றிவிட்டீர்களா என்ற கேள்விக்கு அந்தப் பின் துளையே போதும்.

காஞ்சிபுரத்து நிலத்திற்குத் தனி மனு தேவையில்லை. உயர் நீதிமன்றம் வழங்கும் ஆணை அதற்கும் செல்லும். ஆணை பெற்ற நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டிற்குள் வரவு செலவுக் கணக்கையும் நிறைவேற்றுநர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பலர் ஆணையை வாங்கியதோடு இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் கட்டணப் பேச்சில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி: பெரம்பூர் வாசகி

கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு தகவல். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி கோரலாம். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். அந்தச் சமையல்கார அம்மாளுக்குத் தம் உரிமையைப் பற்றி ஐயம் இருந்தால், அவரும் அங்கே ஆலோசனை கேட்கலாம் என்பதை அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.


கேள்வி கேட்டவர்: மயிலாப்பூர் வாசி

தெரிவித்துவிடுகிறேன், அம்மா. அவருடைய தொகையைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. இன்று அண்ணனிடம் விரிவாகப் பேசினேன்; ஒப்புதல் தருவதில் தயக்கமில்லை, அதற்காக இந்தியாவுக்கு வர வேண்டுமே என்றுதான் தள்ளிப்போட்டதாகச் சொன்னார். அங்கிருந்தே கையெழுத்திட வழியுண்டா? உயில் தமிழில் இருக்கிறது, அதனால் சிக்கல் ஏதும் உண்டா?


மறுமொழி: ஒரிஜினல் சைடில் வழக்காடும் வழக்கறிஞர்

அவர் வர வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரத்தின் வாசகத்தை உங்கள் வழக்கறிஞர் இங்கே தயாரித்து அனுப்பட்டும். அண்ணன் அதில் நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலோ, அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு, நோட்டரி வழியாக எனில் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்றையும்) பெற்று, அசலைக் கூரியரில் அனுப்பலாம். மின்னஞ்சலில் வரும் ஸ்கேன் நகலை மட்டும் வைத்துக்கொண்டு தாக்கல் செய்தால் பதிவகம் திருப்பிவிடும். உங்கள் பெயருக்கோ தங்கை பெயருக்கோ அவர் பவர் பத்திரமும் எழுதித் தர நினைத்தால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும்.

தமிழ் உயிலால் சிக்கல் எதுவும் இல்லை. மனுவுடன் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும், அவ்வளவே. மொழிபெயர்ப்பவர் சொத்து விவரத்தைத் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் வீடுகளுக்குப் பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் இருக்கும். நான்கெல்லையில் குறிப்பிட்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் இன்று அங்கே இருக்கமாட்டார். உயிலில் உள்ளதை உள்ளபடியே மொழிபெயர்த்துவிட்டு, இன்றைய கதவு எண்ணையும் சர்வே எண்ணையும் மனுவின் சொத்து அட்டவணையில் தனியாகக் குறிப்பிட்டு, இரண்டும் ஒரே வீடுதான் என்பதற்குச் சொத்து வரி ரசீதை இணைத்துவிட வேண்டும்.